டேப்புக்கு அடியில்

பழக்கன்று விற்பவன் சொல்லும் பொய்க்கு ஒரு வசதி உண்டு. அது வெளியே தெரிய ஏழு வருஷம் ஆகும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் முதலாளி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "சட்டை சாயம் போச்சுன்னா மறுநாளே வந்து கடை வாசல்ல நிப்பான். பழம் புளிச்சா எப்ப வருவான்? அதுக்குள்ள ஒண்ணு அவன் வீட்டை வித்திருப்பான், இல்ல நான் கடையை வித்திருப்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சை வலைக் கூரை போட்ட நர்சரி. முன்பக்கம் பூச்செடிகள். பின்பக்கம் மா, கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை. நான் தோட்டக்கலை படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அந்தப் படிப்புக்குக் கிடைத்த வேலை, சின்னத் தகரச் சீட்டில் பெயிண்டால் ரகத்தின் பெயரை எழுதிச் செடியில் கம்பியால் கட்டுவது. வருகிறவர்களுக்கு எது தொட்டிக்கு, எது தரைக்கு என்று சொல்வது. முதலாளிக்கு என் பெயர் வாயில் வராது. 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். செடிகளைக் கவனித்துக்கொண்டது அவர் மனைவியின் தம்பி. முதலாளி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வாங்க வருகிறவர்கள் உட்பட எல்லோருக்குமே அவர் 'மச்சான்' ஆகிவிட்டார்.

மாங்கன்றில் இரண்டு வகை உண்டு. கொட்டை போட்டு முளைக்க வைத்தது விதைக்கன்று. காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், காய்த்தாலும் என்ன ருசியில் காய்க்கும் என்று கடவுளுக்கே தெரியாது. அதே விதைக்கன்றின் தலையைச் சீவிவிட்டு, நன்றாகக் காய்க்கும் மரத்தின் குச்சியைச் செருகி, டேப் சுற்றிக் கட்டினால் ஒட்டுக்கன்று. மூன்றாம் வருஷம் காய்க்கும். அந்த மரத்தின் பழம் அப்படியே கிடைக்கும். விலையும் அதற்குத் தகுந்தபடி.

ஒருநாள் முதலாளி விதைக்கன்று வரிசையைக் காட்டி, "டிகிரி, இதுக்கெல்லாம் ஒட்டுனு எழுதிக் கட்டிடு" என்றார்.

"இது விதைக்கன்று சார்."

"எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வாங்கறவனுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

"நான் எழுத மாட்டேன்."

எலுமிச்சை பார்த்துக்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மா திரும்பினார். நான் குரலைத் தணிக்கவில்லை. தணித்துப் பேச எனக்கு வராது. கல் உடைக்கும் கிரஷர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவரின் மகள் நான். "உங்க கடை, உங்க செடி. கை என்னுது. இது பொய் எழுதாது" என்றேன்.

முதலாளி இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். "தாயே, நீ நல்லதுக்கு மட்டும் எழுது, போ."

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்த டீச்சரம்மா என் சீட்டு கட்டிய ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்று வாங்கிப் போனார். பிறகு அவர் சொல்லி அனுப்பியவர்கள் வந்தார்கள். "அந்தப் பொண்ணு எழுதின சீட்டா பாத்து எடுங்க" என்று ஆளுக்கு ஆள் பேச்சு பரவியது. முதலாளி அதைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் கோடையில் மோட்டார் கெட்டது. மச்சான் அதை ரிப்பேருக்கு விட்டுவிட்டுத் திருப்பி வாங்க மறந்து போனார். ஒட்டுக்கன்றுகள் மொத்தமும் காய்ந்து சுள்ளியாகின. விதைக்கன்றுகள் மட்டும் தாக்குப்பிடித்தன. என் சீட்டுகளைக் கழற்றி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு, எழுத்தைச் சுரண்டி வைக்க மச்சானிடம் சொன்னேன். "ஆகட்டும்மா" என்றார்.

*

அப்பா கிரஷரில் இருந்தவர். எங்கள் வீட்டுச் சாப்பாடு, என் கல்லூரி, அம்மாவின் ஒரே தோடு எல்லாம் அந்தக் கல்தூளிலிருந்து வந்தவை. அந்தத் தூள் அவர் நெஞ்சில் படிந்து நுரையீரலை இறுக்கிவிட்டது. டாக்டர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னதில் பாதியை மட்டும் வீட்டில் தமிழில் சொன்னேன். மீதிப் பாதியை அப்பா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அதற்கு முந்தைய வருஷம்தான் ஊரின் கடைசியில், தண்ணீர்க் குழாய்கூட வந்து சேராத ஒரு மனையில், இரண்டு அறை கட்டிக் குடிவந்திருந்தோம். அதுவரை வாடகை வீடு. அங்கே வீட்டுக்காரரின் மாமரம் எங்கள் தகரக் கூரை மேல் சாய்ந்து நிற்கும். இலை எங்களுக்கு, பழம் அவர்களுக்கு. தினமும் கூட்டி அள்ளுவது அம்மா. ஒருமுறை வவ்வால் கடித்துப் போட்ட பழம் ஒன்று வாசலில் கிடந்தது. அப்பா அதைக் கழுவி, கடித்த பக்கத்தைச் சீவி எறிந்துவிட்டு, மீதியை எனக்குக் கொடுத்தார். எங்கள் குப்பையில் கொட்டையைப் பார்த்த வீட்டுக்காரம்மா மற்ற குடித்தனக்காரர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "திருடித் திங்கிற குடும்பத்தை நான் எப்படி நம்பறது?" என்றார். "வவ்வால் போட்டதுங்கம்மா" என்று அப்பா இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்ல அவருக்குக் குரல் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் மாம்பழத்தைத் தொட்டதில்லை. சொந்த மண்ணில் காய்த்தால் தின்பேன் என்பார்.

இப்போது சொந்த மண் இருந்தது. சித்தப்பா லாரியிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகக் கடப்பாரையை எடுத்து மூன்று குழி வெட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த லோடுக்குப் போனார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அப்பா என்னைக் கேள்வியால் துளைத்தார். உருண்டைக்காயா, நீளக்காயா? நார் இருக்குமா? குட்டையாக நிற்குமா, கூரைக்கு மேல் போகுமா?

"எலுமிச்சை ஒண்ணு வைங்களேன்" என்றாள் அம்மா. "மாமரம் வெச்சா நிழல்ல துணி காயாது."

"துணி காயறதுக்கா மனை வாங்கினோம்? பாப்பா, எது சீக்கிரம் காய்க்கும்?"

"ஒட்டு. மூணு வருஷம்."

அப்பா குழிகளைப் பார்த்தார். "மூணு. இழுத்துப் புடிச்சா ஆயிரும்."

"அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?" என்றாள் அம்மா.

"எனக்கு என்னடி அவசரம்? அவசரமெல்லாம் டாக்டருக்குத்தான்."

அவரே சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அம்மா முதுகைத் தடவ ஓடி வந்தாள். நான் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

திரும்பி வந்து சொன்னேன்: "மழை வரட்டும்ப்பா. புது லோடு வரும். இப்ப கடையில நல்ல ஒட்டு ஒண்ணுகூட உயிரோட இல்ல."

சரி என்றார். அவர் சரி என்றால் சரி இல்லை என்று அர்த்தம்.

*

அரசு வேலைத் தேர்வு எழுத வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது மூன்று குழிகளிலும் மூன்று மாங்கன்றுகள் நின்றன. சுற்றிலும் மண் அணைத்து, தண்ணீர் ஊற்றி, முட்டுக்கொடுத்து. அப்பா பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார், ஜெயித்த ஆளைப் போல.

"யாருப்பா வாங்கினது?"

"நான்தான். ஷேர் ஆட்டோல போனேன். லோடு வந்திருச்சு போல, உன் சீட்டு வரிசையா தொங்குச்சு."

"என் சீட்டுன்னு எப்படித் தெரியும்?"

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஸ் நம்பர் பார்ப்பார், அவ்வளவுதான். "நீ ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எழுதறதைப் பக்கத்துல உக்காந்து பாத்தவன்டி நான். படிக்கத்தான் தெரியாது. உன் எழுத்து ரோட்டுல நடந்து போனாக்கூட இன்னார் வீட்டுப் புள்ளைன்னு சொல்லுவேன்." தகரச் சீட்டைப் பெருவிரலால் துடைத்தார். "அந்த ஆளு வேற என்னென்னமோ காமிச்சான். இந்த எழுத்து இருக்கறதா பாத்து மூணு குடு, வேற பேச்சு வேணாம்னுட்டேன்."

நான் குனிந்து தண்டைப் பார்த்தேன். சாண் உயரத்தில் டேப் சுற்றியிருந்தது. அதன் முனையை நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். ஒட்டுக்கன்று என்றால் அந்த இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, இரண்டும் சேர்ந்த கோடு தழும்பு மாதிரி தெரியும். இங்கே தண்டு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தது. பார்வைக்கு இருக்கட்டும் என்று பிளேடால் சுற்றி ஒரு கீறல் போட்டிருந்தார்கள். அடுத்த கன்று. அதுவும் அதே. மூன்றாவதை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை.

சீட்டு என்னுடையதுதான். நான் எழுதியதுதான். செத்துப்போன செடிகளுக்கு எழுதியது.

"என்னடி பாக்குற?" என்றார் அப்பா.

"டேப்பு இறுக்கமா இருக்குப்பா."

"அப்ப கொஞ்சம் தளர்த்திக் கட்டு. செடி மூச்சு விடணும்ல."

தளர்த்திக் கட்டினேன்.

*

மறுநாள் நர்சரிக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கவில்லை. "எங்கப்பாவுக்கு என்ன சார் குடுத்தீங்க?"

"உங்கப்பாவா? எப்ப வந்தாரு?" முதலாளி மச்சானைப் பார்த்தார்.

"இருமிக்கிட்டே ஒரு பெரியவர் வந்தாரு மாமா. மூணு மா எடுத்தாரு. சீட்டைத் தடவித் தடவிப் பாத்தாரு. பேரம்கூடப் பேசல."

"அடடா. டிகிரியோட அப்பான்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நல்லதா பாத்துக் குடுத்திருப்போமே."

"நல்லது எங்க சார் இருக்கு இங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவே தேடினார் என்றுதான் நினைக்கிறேன். "இப்போதைக்கு இல்லதான்" என்றார்.

"செத்த செடியோட சீட்டை எடுத்து எதுக்கு இதுல கட்டினீங்க?"

"கோபப்படாம கேளு. உன்னைப் பொய் எழுதச் சொன்னேன், மாட்டேன்னுட்ட. வற்புறுத்தினேனா? நீ எழுதினது அத்தனையும் உண்மை. அது எந்தச் செடியில தொங்குதுங்கறது என் பாடு. ஊர்ல உன் எழுத்துக்கு ஒரு மரியாதை இருக்கு டிகிரி. அதைப் போய் டப்பாவுல போட்டு வீணாக்கலாமா?"

அவர் முகத்தில் கேலி இல்லை. என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அன்று எழுதியிருந்தால் அது சாதாரணப் பொய்யாக இருந்திருக்கும், நாலு பேர் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் மறுத்ததால்தான் அந்தப் பொய்க்கு விலை ஏறியது. என் நேர்மையைத்தான் அவன் உரமாகப் போட்டு விற்றான்.

கம்பி வெட்டும் குறடை எடுத்தேன். வரிசையில் இறங்கி ஒவ்வொரு சீட்டாக வெட்டினேன். மாங்கன்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு புருஷன் பெண்டாட்டியிடம், "இது ஒட்டு இல்லைங்க. டேப்பை அவுத்துப் பாருங்க" என்று கத்தினேன். அந்த அம்மா புருஷனைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, ரோஜா போதும்னு" என்றார். இரண்டு பேரும் முன்பக்கம் போனார்கள். மச்சான் பின்னாலேயே போய் ரோஜா விற்றார்.

"வீட்டுக்குப் போம்மா" என்றார் முதலாளி. இந்த முறை டிகிரி என்று சொல்லவில்லை.

வெட்டிய சீட்டுகளை வழியில் சாக்கடையில் கொட்டினேன். ஊரில் இருந்த மற்ற நர்சரிகளுக்கும் போனேன். டேப்பை அவிழ்த்துக் காட்டினால்தான் வாங்குவேன் என்றேன். ஒருவர், "வாங்கிட்டு வீட்ல போய் அவுத்துக்க" என்றார். இன்னொருவர் கேட்டைச் சாத்தினார். மழைக்கு இன்னும் நாள் கிடந்தது. அப்பாவால் இப்போது வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருமுறை நின்றுதான் வர முடிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கன்று விதைக்கன்றுதானே, வேர் நல்ல வேர்தானே? தலையைச் சீவி நானே ஒட்டுக் கட்டலாம். கல்லூரியில் அதற்குத்தான் மதிப்பெண் வாங்கினேன். காய்க்கிற மரத்தின் குச்சி மட்டும் வேண்டும். எனக்குத் தெரிந்த காய்க்கிற மரம் ஒன்றுதான்.

*

பழைய வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பழமெல்லாம் எப்பவோ பறிச்சாச்சு. குச்சி எதுக்கு?"

"செடிக்கும்மா."

"முட்டுக் குடுக்கவா? எடுத்துக்க, குப்பைதானே. அப்படியே கீழ கிடக்கிற இலையையும் கூட்டி அள்ளிட்டுப் போயிரு. இப்ப இருக்கிற குடித்தனக்காரி உடம்பு வளையவே மாட்டேங்கறா."

மொட்டு புடைத்த நுனிக்குச்சிகளாகப் பார்த்து வெட்டி ஈரத்துணியில் சுருட்டினேன். பிறகு துடைப்பத்தை எடுத்து முற்றம் முழுக்கக் கூட்டினேன். பட்டம் வாங்கிய கையால் அள்ளி, அவர் காட்டிய மூலையில் கொட்டினேன். அந்த அம்மாவின் உயிர் அந்த மரத்தில்தான் இருக்கிறது. அதன் வம்சத்தையே துணியில் சுருட்டிக்கொண்டு போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அந்த எண்ணம் ஒன்றுதான் துடைப்பத்தை அவர் மேல் எறியாமல் காப்பாற்றியது.

கன்றின் தலையைச் சீவ வேண்டும் என்றால் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். கத்தியோடு உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா, இது ஒட்டு இல்ல."

"சீட்டு?" என்றார்.

"சீட்டு என்னுது. செத்த செடியிலேர்ந்து எடுத்து இதுல மாட்டியிருக்கான்."

"நீ எழுதிக் குடுக்கலையே?"

"இல்லப்பா."

"அது போதும்." நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து மூச்சை இழுத்தார். "ரெண்டு நாளா நீ செடி பக்கமே வரல. நான் வேற என்னமோ நினைச்சுட்டேன்."

என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"போலீசுக்குப் போனா?" என்றாள் அம்மா.

"போய் என்ன சொல்றது? ஏழு வருஷம் கழிச்சுக் காய் புளிச்சா வாங்கம்பான்."

அப்பா சிரித்தார், சத்தம் வராமல். "தம்பி காதுல மட்டும் இது விழ வேணாம். லாரியை அப்படியே அவன் நர்சரிக்குள்ள விட்டுட்டு ஜெயிலுக்குப் போயிருவான்."

கன்றின் தண்டை அப்பா பிடித்துக்கொண்டார். கல் அள்ளிய கை, அப்போதும் ஆடவில்லை. நான் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கிச் செருகி, டேப் சுற்றினேன். ஈரம் காயாமல் இருக்கக் குச்சி ஐஸ் கவரைக் கவிழ்த்தேன். மூன்றிலும். இதற்கு இது சீசன் இல்லை என்று எனக்குத் தெரியும். காற்று அடுப்பு மாதிரி இருந்தது.

முதல் குச்சி கறுத்தது. இரண்டாவதும் கறுத்தது. மூன்றாவது கவருக்குள் செம்பு நிறத்தில் ஒரு துளிர் எட்டிப் பார்த்தபோது அப்பாவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினோம்.

"ஒண்ணுதான்ப்பா புடிச்சுது."

"ஒண்ணு போதும்" என்றார், வார்த்தைக்கு வார்த்தை நின்று நின்று. "மூணு மரத்து இலையை... எவ கூட்டறது?"

துளிர் பச்சையாகும் முன்னால் அப்பா போய்விட்டார். மரம் மூன்றாம் வருஷம் காய்க்கும். நான் சரியாகத்தான் கட்டியிருக்கிறேன்.

*

சித்தப்பா தூரத்து லோடில் இருந்தார். காரியம் முடிந்துதான் வந்து சேர முடிந்தது. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் வாசலில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். லாரியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடியே அவர் உள்ளே வந்தார். இன்னொரு கையில் ஒரு மாங்கன்று.

"அண்ணன் பேர்ல ஒண்ணு வைக்கலாம்னு" என்றார். கன்றை என்னிடம் நீட்டினார். "ரோட்டுல வந்துக்கிட்டிருந்தேன் கண்ணு. உன் நர்சரியைப் பாத்ததும் வண்டியை ஓரங்கட்டிட்டேன். நீ அங்க இல்லைன்னாங்க. சரி, எழுத்தாவது இருக்கேன்னு வாங்கிட்டேன்."

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். தகரம் இல்லை, வழவழவென்று பிளாஸ்டிக். எழுத்து என்னுடையது. ஓர் ஓரத்தில் என் கையிலிருந்து பெயிண்ட் சொட்டிய புள்ளிகூட அப்படியே இருந்தது. எங்கோ தப்பிய ஒரு சீட்டை வைத்து அச்சடித்திருக்கிறான்.

"எல்லாச் செடியிலயும் இதே மாதிரியா சித்தப்பா?"

"ஆமா கண்ணு. கடை பூராவும் உன் எழுத்துதான். பாக்கவே பெருமையா இருந்துச்சு."

கன்றைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பாவின் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேணாம்டி. ஆளுங்க இருக்காங்க" என்றாள் மெதுவாக.

"இருக்கட்டும்மா."

குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பின் முனையை நெம்பினேன். சித்தப்பா குனிந்தார்.

"என்ன கண்ணு, டேப்பு இறுக்கமா கட்டிட்டானுங்களா?"

"இல்ல சித்தப்பா" என்றேன். "கிட்ட வாங்க. எல்லாரும் நாற்காலியை விட்டு எந்திரிச்சுக் கிட்ட வாங்க."